ஏரிக்குள் இறங்கும் ட்ரெய்லர்: சக்கர பேரிங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

என் மைத்துனன் காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் மூன்று சின்ன ஏரிகளில் மீன் குத்தகை எடுத்திருக்கிறான். ஏரி மூன்று, ஃபைபர் படகு ஒன்றுதான். அதனால் படகு பழைய ஜீப்புக்குப் பின்னால், ஒரு இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏறி ஏரிக்கு ஏரி பயணம் போகிறது. ட்ரெய்லர் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் அடித்தது. ஆக்சில் எந்த வண்டியுடையது, சக்கரத்தை மாட்டுகிற நடுக்குடமான ஹப் எந்த வண்டியுடையது என்று கேட்டால் அடித்தவருக்கே இன்று ஞாபகம் இருக்காது.

போன மார்கழியில் ஒரு ராத்திரி இடது சக்கரம் கீச்சென்று கத்தி, கருகின வாடை அடித்து, அப்படியே நின்றுவிட்டது. படகு ஒரு புளியமரத்தடியில் தூங்கியது. காலையில் கருகின உருளைகளையும் உடைந்த வளையத்தையும் பனியன் வேஸ்ட்டில் சுற்றிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் என்னங்கண்ணா?" என்றார். வளையத்தில் நம்பர் இருந்த இடம் நீலம் பாரித்துத் தேய்ந்து போயிருந்தது. அளவெடுத்து ஒன்றை வாங்கி வந்து, அது சேராமல் திரும்பப் போய், அன்றைய பொழுது அப்படியே கழிந்தது. போன பேரிங்குக்கு நான் வருத்தப்படவில்லை, அது என்றைக்கோ ஒரு நாள் போகக்கூடியதுதான். நல்லா ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் நம்பரைக் குறித்து வைக்காமல் விட்டது என் தப்பு.

இங்கே சொல்லப்போவது படகு ட்ரெய்லரை வைத்துத்தான். மாங்காய் ஏற்றும் டிராக்டர் ட்ரெய்லருக்கும் வேலை இதேதான். பேரிங் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நம்பர்

கம்பெனி வண்டிக்குப் புத்தகம் உண்டு, பட்டறை ட்ரெய்லருக்குக் கிடையாது. அந்தப் புத்தகத்தை நாம்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். உள்பக்கம், அதாவது ஆக்சிலை ஒட்டி, பெரியது. வெளிப்பக்கம், நட்டை ஒட்டி, சின்னது. ஒவ்வொன்றும் இரண்டு துண்டு: உருளைகளோடு இருக்கும் கோன், ஹப்புக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும் கப். இரண்டின் முகத்திலும் நம்பர் வெட்டியிருக்கும். எங்கள் ட்ரெய்லரில் உள்ளே 30207, வெளியே 30205.

இந்த வகை நம்பரில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 07 என்றால் 35, 05 என்றால் 25. கடையில் நிற்கும்போது இந்தக் கணக்கு உதவும். ஆனால் முன்னால் இருக்கும் மூன்று இலக்கமும் முக்கியம். அன்று முதல் தடவை நான் வாங்கி வந்தது 32207. உள்விட்டம் அதே 35, வெளிவிட்டம் அதே 72. ஆனால் 30207-இன் மொத்த அகலம் 18.25 மில்லிமீட்டர், இதற்கு 24.25. ஆறு மில்லிமீட்டர் தடிமன் கூடினதில் நட்டுக்கு மரையே மிச்சமில்லை.

ஹப்பின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் ரப்பர் உதடு வைத்த வளையமான ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க ஹப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நம்பி ஒரு பக்கத்தோடு நிறுத்த வேண்டாம். பட்டறையில் அன்றைக்குக் கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். நான் நம்பர்களை ட்ரெய்லரின் இழுவைக் கம்பியிலேயே பெயிண்டில் எழுதிவிட்டேன். போனில் போட்டோவும் இருக்கிறது. போன் ஏரியில் விழலாம், இழுவைக் கம்பி எங்கேயும் போகாது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

பேரிங்கைக் கொல்வது தூரமோ பாரமோ அல்ல, பெரும்பாலும் தண்ணீர்தான். இருபது கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்றும் சூடேறி விரிந்திருக்கும். வந்த வேகத்தில் பின்னால் தள்ளி ஏரிக்குள் இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி ஒரு உறிஞ்சல் உண்டாகிறது. சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், ஏரித் தண்ணீரையும் வண்டலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து காசில்லாத மருந்து: காத்திருப்பது. கரையில் வண்டியை நிறுத்தி, வலையைப் பிரித்து, ஒரு டீயைக் குடித்து, அரை மணி நேரம் கழித்து இறக்குங்கள். ஹப்பில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. இறக்கும்போதும் படகு மிதக்கிற அளவுக்கு மட்டும் இறக்கினால் போதும். எங்கள் மைத்துனன் ஜீப்பின் பின் சக்கரமே முங்குகிற வரை தள்ளுவான். கேட்டால், "அப்பதான் மாமா சுலபமா நழுவும்" என்பான். ட்ரெய்லர் கட்டையில் இரண்டு உருளையைப் போட்டுக் கொடுத்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது.

டிராக்டர் ட்ரெய்லர்காரர்களுக்கும் இது பொருந்தும். தென்பெண்ணையில் தண்ணீர் போகும்போது தரைப்பாலத்தைக் கடப்பதும், கோடையில் ஏரி வண்டல் அள்ள ஈரத்தில் இறங்குவதும் இதே கதைதான். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை ஹப்பின் பின்பக்கம் பிடித்து அடிக்க விடாதீர்கள். சேற்றைத் தாண்டி சீலையும் தாண்டிவிடும்.

ஆட்டம் பார்ப்பது

மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிட வேலை. ஜீப்போடு மாட்டியபடியே சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மிக லேசான ஒரு அசைவு இருக்கலாம், அது இருக்கவும் வேண்டும். 'டக் டக்' என்று கைக்குத் தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

அப்புறம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையை ஆக்சிலின் மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. போகப்போகிற பேரிங்கில் அரிசி மாவு மிஷினைத் தூரத்தில் நின்று கேட்கிற மாதிரி ஒரு கரகரப்பு விரல் நுனிக்கு வரும். காதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

ஓட்டத்தில் பார்ப்பது இன்னும் சுலபம். பதினைந்து, இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அதிகம் சுட்டால், அல்லது கையை வைக்கவே முடியாவிட்டால், அதோடு மேலே போகக் கூடாது.

கழற்றுவது

வருஷத்துக்கு ஒருமுறை முழுதாகத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீரில் இறங்காத மாங்காய் ட்ரெய்லரைச் சித்திரையில் பார்த்துவிட்டால், வைகாசி, ஆனியில் பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் நிற்கும்போது மனசு நிம்மதியாக இருக்கும். படகு ட்ரெய்லருக்கு இரண்டு தடவை: ஏரி நிரம்புவதற்கு முன்னால் ஒருமுறை, வேலை முடிந்து ஓரங்கட்டும்போது ஒருமுறை. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீரோடு ட்ரெய்லர் நான்கு மாதம் சும்மா நின்றால், ஒவ்வொரு உருளையும் கப்பைத் தொடும் இடத்தில் ஒரு துருக்கோடு விழும். அடுத்த சீசனில் அந்தக் கோடுகள்தான் கரகரப்பாகப் பேசும்.

வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். பழைய ஜீப், லாரி ஹப்பாக இருந்தால் இடது பக்கத்து நட்டுகள் இடமரையாக இருக்கக்கூடும். வழக்கமான பக்கம் திருப்பி அசையாவிட்டால் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பதற்கு முன் மரையைக் கவனியுங்கள். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி, தூசி மூடியைச் சுற்றிலும் லேசாகத் தட்டி எடுங்கள். நட்டு கழலாமல் பிடித்திருக்கும் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு முறை வளைத்த பின்னை மறுபடியும் போடக் கூடாது, அதன் விலை ஒரு டீயைவிடக் குறைவு. நட்டு, வாஷர் வந்ததும் ஹப்பை லேசாக ஆட்டினால் வெளி பேரிங் நழுவி வந்துவிடும். கையை ஏந்திக்கொண்டு ஆட்டுங்கள், மண்ணில் விழக் கூடாது. ஹப் வெளியே வந்ததும் பின்பக்கத்து ஆயில் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் வரும். எடுத்த சீல் குப்பைக்கு.

கிரீஸைத் துடைப்பதற்கு முன் அதைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தேய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மாதிரி மினுமினுத்தால் இரும்பு உதிர்கிறது. கறுத்துக் காய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது.

கழுவிப் பார்ப்பது

மண்ணெண்ணெயோ டீசலோ போதும். பழைய கிரீஸ் துளியும் மிச்சமில்லாமல், பழைய டூத் பிரஷ்ஷால் உருளைகளுக்கு நடுவில் தேய்த்துக் கழுவுங்கள். துணியில் கவிழ்த்து நன்றாகக் காய விடுங்கள். கம்ப்ரசர் காற்றை அடித்து பேரிங்கை 'ஙொய்' என்று சுற்றவிடுவது நிறையப் பேருக்கு ஒரு விளையாட்டு. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றும்போது உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து உருளை தெறித்தால் கண் போய்விடும்.

பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே சாம்பல் பளபளப்பு இருந்தால் சரி. குழி விழுந்தது, செதில் பெயர்ந்தது, நீலமோ காப்பி நிறமோ பாரித்தது, நகம் வைத்து இழுத்தால் தடுக்குகிற கோடு, இதில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது கோனும் கப்பும் சேர்த்துத்தான். "கப் நல்லாத்தானே இருக்கு, கோன் மட்டும் போடு" என்று சிக்கனம் பிடித்தால், பழைய கப்பின் தேய்மானம் புதுக் கோனை அரித்துவிடும்.

ஸ்டப்பையும், அதாவது ஹப் ஏறி உட்காரும் ஆக்சில் முனையையும், துடைத்துப் பாருங்கள். கோன் கையாலேயே நழுவி ஏற வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது. சீலின் உதடு உரசுகிற இடத்தில் துரு இருந்தால் நைஸான உப்புத்தாளால் தேய்க்கலாம். நீலம் பாரித்திருந்தாலோ, பள்ளம் விழுந்திருந்தாலோ சிலர் லேத்தில் வெல்டு வைத்துக் கடைந்து தருவார்கள். காலி ட்ரெய்லருக்கு அது ஓடும். பாரம் ஏற்றுகிற ட்ரெய்லருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஸ்டப்பை மாற்றிவிடுவதுதான் நல்லது.

கப் மாற்றுவது

ஹப்புக்குள் இருக்கும் பழைய கப்பைப் பின்பக்கத்திலிருந்து பித்தளை ராடு வைத்து, ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். துருப்பிடித்து வராத கப்புக்குப் பட்டறைக்காரர்கள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். கப்பின் உள்வட்டத்தில் ஒரு சுற்று வெல்டு ஓட்டுவார்கள். ஆறும்போது கப் சுருங்கி, தானாகவே கழன்று விழும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மாயமாகத்தான் இருந்தது.

புதுக் கப்பைப் போடும்போது விரிந்த வாய் ஹப்பின் வெளியே பார்க்க வேண்டும், தடித்த விளிம்பு உள்ளே. கழற்றிய பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டினால் புதியதில் அடி படாது. அதுவும் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்க, முன்கூட்டியே அதில் ஒரு வெட்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப் அடிவரை உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும். 'டொக்' என்றிருந்தது 'டிங்' என்று வரும்.

கிரீஸ்

சேசிஸ் கிரீஸ் தண்ணீருக்கு நல்லது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. அந்தப் பழைய கால்சியம் கிரீஸ் தண்ணீரில் கரையாது, ஆனால் நூறு டிகிரி சூட்டுக்குள்ளேயே இளகி ஒழுகிவிடும். சக்கர பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ்தான் வேண்டும், டப்பாவில் வீல் பேரிங்குக்கு என்றே போட்டிருக்கும். அதன் இளகுநிலை 180 டிகிரிக்குப் பக்கத்தில். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் பெரிய கடைகளில் கிடைத்தால் தண்ணீரில் இறங்கும் ட்ரெய்லருக்கு அதுவே முதல் தேர்வு. பெயரில் கால்சியம் இருந்தாலும் இது வேறு சாதி, சூட்டையும் தாங்கும். எதுவானாலும் ஒரே வகையைத் தொடர்ந்து போடுங்கள். இரண்டு வகையைக் கலந்தால் சில நேரம் இரண்டும் இளகித் தண்ணீராகிவிடும்.

நிரப்புவது கை வேலை. இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ் வையுங்கள். பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதன் விளிம்பில் வைத்து, சப்பாத்தி மாவை அறைகிற மாதிரி உள்ளங்கையோடு சேர்த்து அழுத்தி அழுத்தி இழுங்கள். நாலைந்து அழுத்தில் எதிர்ப்பக்கம், உருளைகளின் சின்ன முனையில், கிரீஸ் புழு மாதிரி எட்டிப்பார்க்கும். அப்புறம் கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். முழுச் சுற்று வந்த பிறகு உருளைகளின் மேலே ஒரு பூச்சு.

கப்பிலும் ஒரு பூச்சு கொடுங்கள். ஹப்பின் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிரீஸ் போதும். முட்ட முட்ட அடைத்தால் சுற்றும்போது கடைந்து சூடேறி, சீல் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும்.

ஹப்பில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னை வைத்து நாலு அழுத்து அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. குளிக்காமல் சென்ட் அடித்துக்கொள்கிற மாதிரிதான் அது. உள்ளே தேங்கிய தண்ணீரும் மண்ணும் அங்கேயே இருக்கும். தூசி மூடிக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி மாட்டலாம். உள்ளே எப்போதும் லேசான அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நுழையத் தயங்கும். அதிலும் கன்னை அளவோடு அழுத்த வேண்டும், ஸ்பிரிங் தட்டு கொஞ்சம் வெளியே வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் பின்பக்க சீல் பிதுங்கும்.

மாட்டுவது

உள் பேரிங்கை வைத்து, புது சீலை மட்டமான மரக்கட்டை ஒன்றை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். சீலில் ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஹப்புக்குள் பார்க்கட்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஹப்பை ஸ்டப்பில் நேராக ஏற்றுங்கள். மரையில் உரசினால் புது சீல் அங்கேயே கிழிந்துவிடும். வெளி பேரிங், வாஷர், நட்டு.

நட்டை இறுக்குவதில்தான் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது. ஒரு கையால் ஹப்பைச் சுற்றிக்கொண்டே மறு கையால் நட்டை ஸ்பேனரில் இறுக்குங்கள், ஹப் கனத்துச் சுற்றும் வரை. இது பேரிங் கப்பில் சரியாக உட்காருவதற்காக மட்டும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுதாகத் தளர்த்தி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் முட்டும் வரை திருப்புங்கள். பின் ஓட்டை நேராக வந்தால் பின்னைப் போடுங்கள். வராவிட்டால் நட்டின் அடுத்த பள்ளம் ஓட்டைக்கு நேராக வரும் வரை தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு ஒரு சந்தேகமாகத் தெரியும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிய பேரிங் கொஞ்சம் தளர்ந்த பேரிங்கைவிடச் சீக்கிரம் வெந்துபோகும்.

டப்பா

எங்கள் உதிரிபாக டப்பா ஒரு பழைய பெயிண்ட் வாளி, மூடியோடு. உள்ளே முதல் ஆளாக இருப்பது ஒரு முழு ஹப்: கப் இரண்டும் அடித்து, பேரிங் கிரீஸ் நிரப்பி, சீல் போட்டு, மேலே கனமான பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டியது. இருட்டில், மழையில், சாலையோரத்தில் கப் தட்டி இறக்குவது நடக்காத காரியம். முழு ஹப் இருந்தால் பழையதை உருவிப் புதியதை ஏற்றுவது அரை மணி நேர வேலை. ஹப் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் ட்ரெய்லரை ஒரே மாதிரியாக மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை நாங்கள் செய்தோம்.

ஹப்பை விட்டால் ஒரு செட் பேரிங், பிரிக்காத அட்டைப்பெட்டியில். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும், அதனால் பிரிக்க வேண்டாம். தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். நல்ல கம்பெனி அட்டைக்குள் போலி பேரிங் வருவது இந்தத் தொழிலில் பழைய வியாதி. சீல் இரண்டு, ஏனென்றால் அவசரத்தில் ஒன்று கோணலாக இறங்கும். ஸ்பிளிட் பின் அரை டஜன், ஸ்டப் நட்டு, வாஷர், தூசி மூடி, வீல் நட்டு நாலு. கால் கிலோ கிரீஸ், பனியன் வேஸ்ட், கட்டிங் பிளேயர், சுத்தியல், ஸ்டப் நட்டுக்குச் சேருகிற ஸ்பேனர். ஜீப்பின் வீல் ஸ்பேனர் ட்ரெய்லர் நட்டுக்குச் சேருமா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். எங்களுடையது சேரவில்லை. ஜாக்கியும் அப்படித்தான், ட்ரெய்லர் ஆக்சில் தாழ்வாக இருந்தால் ஜீப் ஜாக்கி அடியில் நுழையாது. இதோடு ஒரு சதுரப் பலகை, கரை மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க. தலையில் மாட்டும் டார்ச் லைட். ஸ்டெப்னி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சாலையோரம்

வாடையோ சத்தமோ வந்தால், "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று இழுக்காதீர்கள். அந்த நாலு கிலோமீட்டரில்தான் ஸ்டப் போகிறது, சில நேரம் சக்கரம் ஹப்போடு கழன்று வண்டியை முந்திக்கொண்டு ஓடும். ஓரத்தில் மட்டமான இடம் பாருங்கள். சேலம்–பெங்களூர் நெடுஞ்சாலையாக இருந்தால், முடிந்தால் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கிவிடுங்கள். முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள், ஜீப் இண்டிகேட்டரும் எரியட்டும்.

ஹப் ஆறட்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள். கழற்றியதும் ஸ்டப்பைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் டப்பாவிலிருந்து ஹப்பை ஏற்றி, நட்டை மேலே சொன்ன மாதிரி விரலால் முட்டி, பின் போட்டுக் கிளம்பலாம். உள்வளையம் ஸ்டப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் உளி வைத்து வெட்ட வேண்டிவரும், அதை ரோட்டில் முயற்சி செய்யாதீர்கள். படகை இறக்கி வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ட்ரெய்லருக்குக் காலையில் ஆளைக் கூட்டி வாருங்கள்.

மாற்றிக் கிளம்பினால் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடியும் ஒரு பிடி இறுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் எது குறைந்ததோ அதை மறுநாளே வாங்கி வைத்துவிடுங்கள். எங்கள் வாளி மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, எதை எடுத்தாலும் அதில் கோடு போட வேண்டும். இப்போதைக்கு அதில் ஒரே ஒரு கோடு, ஸ்பிளிட் பின்னுக்கு நேராக. மைத்துனன் அதை வலைக் கயிற்றைக் கோக்க எடுத்திருக்கிறான்.